இரண்டு பேர் ஏறும் இத்தாலிக் கார்

பண்டத்தரிப்பு,
1937 ஒக்டோபர் 14.

அன்புள்ள மகன் அன்புராஜாவுக்கு,

ஆண்டவர் கைவிடாதபடியால் இன்று காலை இந்த வீட்டில் ஐந்து பேரும் எழுந்து நடமாடுகிறோம், ஐந்து பேரும் என்று எண்ணி எழுதுவதற்கு ஒரு காரணம் இருக்கிறது, அதைப் பின்னால் சொல்கிறேன். அங்கே மலாயாவில், ஈப்போவில் நீயும் தலையிடி காய்ச்சல் இல்லாமல், நேரத்துக்குச் சாப்பிட்டு, சுகமாய் இருக்கவேண்டுமென்று ஒவ்வொரு நாள் ஜெபத்திலும் உன் பெயரைச் சொல்லுகிறோம். உன் ஓகஸ்ட் மாதக் கடிதத்துக்கு ஒக்டோபரில் பதில் எழுதுகிறேன். அம்மாவுக்குக் கோபமோ என்று நடுவில் ஒரு போஸ்ட்காட் போட்டிருந்தாய். கோபம் இல்லை தம்பி. இரண்டு முறை எழுதினேன், இரண்டையும் கிழித்துவிட்டேன், இது மூன்றாவது. உங்கள் சுரங்கக் கந்தோரில் இருந்த இத்தாலிய எஞ்சினியர் ஊருக்குத் திரும்புகிறார், அவருடைய காரை நவம்பர் முடியுமட்டும் உனக்காக நிறுத்திவைத்திருக்கிறார், அப்பா வைத்திருக்கிற அதே வகை, அதே இரண்டு ஆசனம். அதை வாங்கினால் மூன்று வருஷமாய்ச் சேர்த்த காசு முழுவதும் போய்விடும், வருகிற சித்திரையில் லீவில் வரமுடியாது, அதற்கடுத்த வருஷம் பார்ப்போம், ஆனாலும் அம்மாவின் சொல் இல்லாமல் கைவைக்கமாட்டேன் என்று எழுதியிருந்தாய். அப்படிக் கேட்டதற்குச் சந்தோஷம். ஆனால் கேட்டபடியால்தான் எனக்கு இத்தனை நாள் சென்றது.

இந்த ஆசை உனக்கு எங்கிருந்து வந்தது என்று உன் கடிதமே காட்டிக்கொடுத்துவிட்டது. "காற்று இரண்டு பக்கமும் ஒதுங்கி நிற்க நாங்கள் நடுவே போகிறோம்" என்று போன வருஷம் நான் எழுதிய வரியை நீ அப்படியே திருப்பி எழுதியிருந்தாய். அதை வாசித்தபோது களவு பிடிபட்டவள் போல இருந்தது எனக்கு, ஏனென்றால் உனக்குச் சந்தோஷத்தை மட்டுமே எழுதிக்கொண்டிருந்தேன். குடும்பத்துக்கு ஒரு கார் வாங்கி வருகிறேன் என்று கொழும்புக்குப் போன அப்பா, தோட்டம் நொடித்துப்போன ஒரு துரையின் ஏலத்தில் இரண்டு பேர் மட்டும் ஏறக்கூடிய இந்தக் காரை எடுத்துக்கொண்டு வந்து இறங்கியதையும், பால் கொண்டுவந்த சின்னாச்சி அதை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு "ஐயா, மிச்சப் பாதியை எங்கை விட்டிட்டு வந்தனீங்கள்?" என்று கேட்டதையும் எழுதினேன், நீயும் சிரித்திருப்பாய். ரயர் கொழும்பிலிருந்து ரயிலில் வரவேண்டும், ஒரு சின்னச் செப்பு வளையம் இத்தாலியிலிருந்து வந்துசேர மூன்றரை மாதம், அந்த மூன்றரை மாதமும் எங்கள் கோழி ஆசனத்தில் இருந்து அடைகாத்துப் பதினொரு குஞ்சு பொரித்தது என்பதை எழுதவில்லை. பட்டணத்திலிருந்து மெக்கானிக் சிமியோன் வந்தால் அரை நாள் எஞ்சினைப் பார்ப்பார், அரை நாள் வேலியால் எட்டிப்பார்க்கிறவர்களுக்கு அதை விளங்கப்படுத்துவார், இரண்டுக்கும் கூலி எங்களிடம்தான். அதையும் எழுதவில்லை.

இன்னொன்றையும் மறைத்தேன். காற்று ஒதுங்கி நிற்க நாங்கள் நடுவே போனோம் என்றேனே, அன்றைக்கு ஸ்ரியறிங்கைப் பிடித்திருந்தது நான். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து மாதகல் கடற்கரை வீதிக்குப் போனபோது அப்பா சட்டென்று காரை நிற்பாட்டி, இறங்கி, என் பக்கக் கதவைத் திறந்து, "நேசம், இஞ்சாலை வந்து இரும்" என்றார். மூன்று தரம் கார் துள்ளி நின்றது. "பயப்பிடாதையும், அது கடிக்காது" என்று அவர் சிரித்த சிரிப்பில் எனக்கு ரோசம் வந்து, நாலாம் தரம் நிற்கவில்லை. சேந்தாங்குளம் மட்டும் மூன்றாம் கியரில் ஓடினேன். அந்த எஞ்சினின் சத்தம் காதில் அல்ல, முதுகெலும்பில் கேட்கும், உனக்கு அந்த எஞ்சினியர் ஓடிக் காட்டியிருந்தால் தெரியும். கொலிஜிலிருந்து நேரே மணவறைக்கு வந்து இருபத்திரண்டு வருஷம், அதற்குள் ஏதாவது ஒன்று நான் திருப்பின பக்கம் உடனே திரும்பினதாக எனக்கு ஞாபகமில்லை. பிள்ளைகளும் திரும்பவில்லை, அப்பாவும் திரும்பவில்லை. அடுத்த ஞாயிறு கோவிலில் பெண்கள் பக்கத்தில், வழக்குப் பேசுகிற பெரிய மனிதரின் மனைவிக்கு இது அடுக்குமோ என்று, "பிறக்கிராசியாற்றை பெஞ்சாதியெல்லே கார் ஓடுறாவாம்" என்று ஒரே குசுகுசுப்பு, போதகர் அடக்கத்தைப் பற்றிப் பிரசங்கித்து மூன்று தரம் என்னைப் பார்த்தார். நான் கண்ணை எடுக்கவில்லை. ஆகையால் கார் ஆசை என்றால் என்னவென்று தெரியாத ஒருத்தி உனக்கு எழுதுகிறாள் என்று நினைக்காதே.

இனி, சொல்லாமல் விட்டதைச் சொல்கிறேன், பயப்படாதே, எல்லாம் கடந்து இப்போது சுகம். ஓகஸ்ட் ஒன்பதாம் தேதி விடியற்புறம் உன் தங்கச்சி ஐரிசுக்கு வயிற்று நோவு தொடங்கி, பதினொரு மணிக்குள் பிள்ளையைச் சுருட்டிப் போட்டுவிட்டது. மானிப்பாய் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சந்தியிலிருந்து வாடகைக் காரைக் கூப்பிட ஆள் அனுப்பட்டோ என்று பக்கத்து வீட்டார் கேட்டார்கள். "அது வெளிக்கிட முன்னம் என்ரை கார் மானிப்பாயிலை நிக்கும்" என்றார் அப்பா. நான் ஏறி இருந்து ஐரிசை மடியில் வாங்கிக்கொண்டேன். பல மாதமாகவே அந்தக் கார் போகும் வழியில் கொதித்துக் கொதித்து நிற்கிறது, சிமியோனைக் கேட்டால் "வெக்கைக் காலமெல்லோ ஐயா, இன்னும் கொஞ்சம் தண்ணி விடுங்கோ" என்பார். அப்பாவும் விட்டார். எந்தத் தண்ணீர்? எங்கள் கிணற்றுத் தண்ணீர்தான். ஆறு வீட்டார் குடிக்க அள்ளிக்கொண்டு போகிற நல்ல தண்ணீரை அவர் தன் கையாலேயே அள்ளி, வெள்ளைத் துணியில் வடித்து, றேடியேற்றரில் விடுவார். எனக்கு ஒரு செம்பு அப்படி வடித்துத் தந்தவர் அல்ல. சண்டிலிப்பாய் தாண்டியதும் முன்பக்கமெல்லாம் புகை போல ஆவி, பிறகு தேங்காய் உடைத்தது போல ஒரு சத்தம், அவ்வளவுதான். சோளகக் காற்று புழுதியை அள்ளி முகத்தில் வீசுகிறது, ஒரு மர நிழல் இல்லை, அப்பா மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு அசையாமல் நிற்கிறார். ஐரிஸ் அதுவரை அழுதுகொண்டிருந்தவள் அழுகையை நிறுத்திவிட்டாள், எனக்கு அதுதான் பயம்.

அந்த நேரம் பட்டணத்துக்கு வெங்காயம் ஏற்றிக்கொண்டு ஒரு மாட்டு வண்டில் வந்தது. ஓட்டி வந்தவர் சில்லாலைக் கிறகோரி. பிணம் அடக்குகிற சேமக்காலையின் மதில் வழக்கில் அப்பா நம் புரொட்டஸ்தாந்துச் சபைக்காகக் கத்தோலிக்கருக்கு எதிராக வாதாடி, சாட்சிக்கூட்டில் வைத்துப் பொய்யன் என்றாரே, அந்தக் கிறகோரிதான். அவர் வெங்காயச் சாக்கு முழுவதையும் ஒவ்வொன்றாய்த் தூக்கி வீதியோரம் எறிந்தார், தன் சால்வையை விரித்து ஐரிசைக் கிடத்தினார். பிறகுதான் அப்பாவைத் திரும்பிப் பார்த்து, "பிறக்கிராசியார், அண்டைக்குக் கோட்டிலை என்னைப் பொய்யன் எண்டனீங்கள். இப்ப மெய்யாத்தான் சொல்லுறன், உது இனி ஓடாது, ஏறுங்கோ" என்றார். மாட்டை அடித்து விரட்டினார் பார், அந்த வேகத்தை நான் சாகுமட்டும் மறக்கமாட்டேன். குடல்வாலில் சீழ் கட்டியிருந்தது. வெட்டி எடுத்தார்கள். இன்னும் ஒரு மணித்தியாலம் பிந்தியிருந்தால் என்று டொக்டர் தொடங்கி, என் முகத்தைப் பார்த்து முடிக்காமல் விட்டார். இருபத்துமூன்று நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். உன் கடிதம் அங்கே அவளுடைய கட்டிலடியில்தான் எனக்குக் கிடைத்தது.

கிறகோரி இரண்டு தரம் தோடம்பழத்தோடு அவளைப் பார்க்க வந்தார். இரண்டாம் தரம் அப்பாவிடம், "இத்தாலிக் கார் எண்டால் எங்கடை கோயில் சுவாமியிட்டைக் காட்டியிருக்கலாமே ஐயா, அவரும் அந்தத் தேசம்தானே, ஒரு மைல் நடைதானே" என்றார். காரோடு அதைப் பராமரிக்கிற முறை எழுதிய ஒரு புத்தகம் வந்தது, முழுவதும் இத்தாலியப் பாஷை, வந்த நாளிலிருந்து மேசை லாச்சியில் கிடந்தது. சில்லாலைச் சுவாமியிடம் கொடுத்து வாசிப்பியுங்கள் என்று நான் முன்னமே ஒரு நாள் சொன்னேன், அதற்கு அவர் "மதில் வழக்கிலை வெண்ட நான் தொப்பியைக் கழட்டிக்கொண்டு அவற்றை வாசலிலை போய் நிக்கவோ?" என்று கேட்டார், நானும் அதோடு விட்டுவிட்டேன். ஐரிஸ் வீட்டுக்கு வந்த கிழமை இருவருமாய்ப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு போனோம். சுவாமி நரைத்த தாடி, நம்மைப் போலவே கதைக்கிறார், கதிரை போட்டு இருத்திப் பக்கம் பக்கமாய்ப் புரட்டி, ஓர் இடத்தில் விரலை வைத்தார். கோடிட்டு, பெரிய எழுத்தில் அச்சடித்திருந்தது. "மழைத் தண்ணி, இல்லாட்டில் காய்ச்சித் தெளிய வைச்ச தண்ணி. சுண்ணாம்புத் தரைக் கிணத்துத் தண்ணி ஒருக்காலும் விடக்கூடாது, உள்ளுக்கை படிஞ்சு அடைச்சுப்போடும், எஞ்சின் வெடிக்கும்" என்று வாசித்தார். கண்ணாடியைக் கழற்றி, அப்பாவைப் பார்த்துச் சிரித்து, "நாங்கள் வேதப் புத்தகம் வாசிக்கிறேல்லை எண்டு எங்களுக்குப் பிரசங்கிக்கிற ஆக்களெல்லோ நீங்கள்" என்றார். கோட்டில் ஒருவருக்கும் விட்டுக்கொடுக்காத உன் அப்பா அந்த வரியைத் தன் விரலால் ஒரு தரம் தடவிப் பார்த்தார். நானும் குற்றவாளிதான், ஏனென்றால் மாதம் ஒரு தரம் தேத்தண்ணிக் கேத்திலைப் புளி போட்டு ஊறவைத்து, உள்ளே ஓடு போலப் பிடித்திருக்கிற வெள்ளைப் படையை உரஞ்சுகிறவள் நான். அது என்ன என்று கொலிஜில் எழுதிப் பரிசும் வாங்கினேன். குடிக்கத் தித்திக்கிற அந்தத் தண்ணீர் காருக்குள் என்ன செய்யும் என்று ஒரு நாள் யோசிக்கவில்லை. அவருக்கு வீம்பு, எனக்கு யோசனையில்லை, ஐரிஸ் நடுவில் கிடந்தாள்.

இதையெல்லாம் எழுதி, ஆகவே வாங்காதே என்று முடித்ததுதான் முதல் கடிதம். ஐரிஸ் அதை எடுத்து வாசித்துவிட்டு, "என்ரை வயித்துத் தழும்பைக் காட்டி அண்ணையை மறிக்கிறியளோ அம்மா? அவர் வந்தால் உங்களுக்குச் சந்தோஷம் எண்டு நேரை எழுதுங்கோவன்" என்றாள். முகம் சுட்டது, கிழித்துவிட்டேன். இரண்டாவதில் அப்பா கண்டிப்பாய் மறுக்கிறார் என்று எழுதினேன், அவரைக் கேட்காமலே. மனச்சாட்சி விடவில்லை, கேட்கப் போனேன். வெடித்த பாகத்துக்கு இத்தாலியில் கேட்கிற விலை நாங்கள் காருக்குக் கொடுத்ததில் முக்கால்வாசி, ஆகையால் அது இனி ஓடுமோ தெரியாது, ஆனாலும் கொட்டிலுக்குள் இருந்து அதன் விளக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். நீ கேட்டதைச் சொன்னேன். துடைத்த துணியை உதறி மடித்துவிட்டு, "என்ன நிறமெண்டு எழுதினவனே?" என்றார். சிவப்பாம் என்றேன். "நல்ல சிவப்போ, மங்கலோ?" என்றார். இந்த மனிதரின் பெயரால் நான் எப்படி மறுப்பு எழுதுவது. அதையும் கிழித்தேன்.

ஆகவே இந்தக் கடிதத்தில் மறுப்பு இல்லை. வாங்கச் சொல்லவும் இல்லை. வாங்குவதானால், அந்த எஞ்சினியர் கப்பலேற முன்னம் அவரையே இருத்திவைத்துப் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை உனக்கு ஆங்கிலத்தில் சொல்லுவித்து எழுதிக்கொள், விளங்காததைக் கேட்கிற இடத்தில் சாதி சமயம் பார்க்காதே. ஒருவருக்கு வருத்தம் வந்து ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டுமென்றால் உன் காரை நம்பாதே, வாடகைக் காரைக் கூப்பிடு. இவ்வளவும் புத்தி. இனி எழுதுவது புத்தி அல்ல, ஆசை. நீ சித்திரையில் வரவேண்டும் என்று எனக்கு ஆசை. உன்னை நினைத்தால் இப்போதெல்லாம் நீ போகும்போது எடுத்த படத்தில் இருக்கிற முகம்தான் வருகிறது, அசைகிற முகம் வருகுதில்லை, அது எனக்குப் பயமாய் இருக்கிறது. சொல்லிவிட்டேன், இனி இதை வைத்து உன்னை இழுக்கமாட்டேன். காசு உன் உழைப்பு. உன் வயதில் எனக்கு இடுப்பில் நீ இருந்தாய், அதை நான் குறையாகச் சொல்லவில்லை, ஆனால் மூன்றாம் கியர் எப்படி இருக்கும் என்று அறிய எனக்கு முப்பத்தொன்பது வயதாயிற்று. நீயும் அவ்வளவு காலம் காத்திருக்கவேண்டும் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

உன் போக்கையும் வரத்தையும் கர்த்தர் காப்பாராக, நீ எடுக்கிற முடிவு எதுவானாலும் அதற்குள்ளும் அவர் உன்னோடு இருப்பாராக. அப்பாவும் தங்கச்சியும் சின்னதுகள் இரண்டும் அன்பு சொல்லுகிறார்கள். நவம்பர் முடிய முன்னம் மறவாமல் பதில் போடு, என்னைச் சந்தோஷப்படுத்த ஒன்றும் எழுதாதே. வாங்கினால், முதல் நாள் நீ தனியே ஓடினது எப்படி இருந்தது என்று எழுது, அப்பாவுக்கு அல்ல, எனக்கு. வாங்காவிட்டால் நீ வருகிற கப்பலின் பெயரை மட்டும் எழுது, போதும்.

உன் அன்புள்ள அம்மா,
நேசம்மா வில்லியம்