ரோசிலியின் இங்கிலீஷ்

விட்பி, இங்கிலாந்து
3 மார்ச் 2002

அன்புள்ள அச்சாயனுக்கு,

மாதாவின் துணையால் நலம். அம்மச்சி சுகந்தானே? நம் மோளுக்கு இருமல் விட்டதா?

இங்கே ஒரு கூத்து நடந்தது. என் வார்டில் ஆர்தர் என்று ஒரு பெரியவர், மீன்பிடிப் படகில் காலம் தள்ளியவர். "சீக்கிரமே நான் டெய்சிப் பூவை மேலே தள்ளிக்கிட்டு இருப்பேன், கண்ணு" என்றார். தோட்ட வேலையில் ஆசையாக்கும் என்று நினைத்து, "ரொம்ப நல்லது, வெயில் வரட்டும்" என்று சொல்லிவிட்டேன். மண்ணுக்குள் போய்விடுவேன் என்பதைத்தான் அப்படிச் சொன்னாராம். வார்டே சிரித்தது. அவரும் சிரித்தார். எனக்குத்தான் முகம் எரிந்தது.

பிறகு வார்டு சிஸ்டர் மார்கரெட் தனியே அழைத்தார். என் வேலையில் குறையில்லையாம். ஆனால் நோயாளி பேசுவது புரியாதவளுக்கு ஜூனில் பயிற்சிக் காகிதத்தில் கையெழுத்துப் போட முடியாது என்றார். அது இல்லாவிட்டால் நான் இங்கே நர்ஸ் இல்லை; ஊர் திரும்ப வேண்டியதுதான்.

தேர்வுக்காக மனப்பாடம் செய்த பெரிய பெரிய சொற்களை இங்கே யாரும் பேசக் காணோம். அதனால் பஸ்ஸிலும் கடை வரிசையிலும் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறேன். புரியாததை அங்கேயே கேட்டுவிடுகிறேன். திரும்பி வருவதற்காக நான் வரவில்லை, அச்சாயா.

அன்புடன்,
ரோசிலி

காஞ்சிரப்பள்ளி
11 ஏப்ரல் 2002

பிரியமுள்ள ரோசிலிக்கு,

உன் கடிதங்கள் வந்தன. மோளுக்கு இருமல் இல்லை. அம்மச்சிக்கு முழங்கால் வலி அப்படியே. முன்பெல்லாம் நீ என்ன சாப்பிட்டாய் என்றாவது எழுதுவாய். இப்போது பக்கம் பக்கமாக வெள்ளைக்காரர் பேச்சுதான். "உங்கம்மா அங்க வேலைக்குப் போனாளா, பள்ளிக்கூடத்துக்குப் போனாளா?" என்று அம்மச்சி மோளிடம் கேட்கிறாள்.

பக்கத்து ஊரான பாலாவில் புது ஆஸ்பத்திரி திறக்கிறார்கள். மேனேஜரிடம் உனக்காகச் சொல்லி வைத்திருக்கிறேன். எவளோ ஒருத்தியின் கையெழுத்துக்காக நீ ஏன் தலைகுனிந்து நிற்க வேண்டும்? வந்துவிடு.

நானும் மோளும் அங்கே வருவதைப் பற்றி இனி எழுதாதே. சர்ச் கமிட்டியில் நான் பேச எழுந்தால் பூசை வைக்கும் அச்சன்கூட உட்கார்ந்து கேட்பார். அங்கே வந்து உன் முந்தானைக்குப் பின்னால் ஊமையாக நிற்க என்னால் முடியாது.

பேபிச்சன்

விட்பி
20 மே 2002

அன்புள்ள அச்சாயனுக்கு,

ஆர்தர் போய்விட்டார். போன வியாழன் மத்தியானம் அவர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்: "இவர் வெளியே போற வழியில இருக்காரா?"

மார்ச் மாதத்து ரோசிலி என்றால், "இன்னும் டிஸ்சார்ஜ் எழுதலையே" என்றிருப்பாள். பஸ்ஸில் இரண்டு பெண்கள் சாகக்கிடந்த ஒரு பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றி இதே சொல்லைப் பேசக் கேட்டு, அர்த்தமும் கேட்டு வைத்திருந்தேன். நாற்காலியை இழுத்துப்போட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். அலங்காரச் சொல் எதுவும் எனக்கு வரவில்லை. "ஆமாம். உங்க பொண்ணுங்களை இப்பவே கூப்பிடுங்க" என்றேன். மகள்கள் இருவரும் அவர் கண் திறந்திருக்கும்போதே வந்து சேர்ந்தார்கள்.

மார்கரெட் கதவருகில் நின்று கேட்டிருக்கிறார். ஜூன் வரை காத்திருக்கவில்லை. நேற்றே கையெழுத்துப் போட்டுவிட்டார்.

பாலா மேனேஜரிடம் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். நான் வரமாட்டேன். வார்டு முழுக்கச் சிரித்ததற்கு மறுநாளும் அதே வார்டுக்குள் நடந்து போனவள் நான். ஊமையாக நிற்பது எப்படி இருக்கும் என்று எனக்கும் தெரியும். அதனால் யாரும் செத்துப்போவதில்லை. மோளை அழைத்துக்கொண்டு நீங்கள் வருகிறீர்களா, இல்லையா என்று மட்டும் எழுதுங்கள்.

ரோசிலி

காஞ்சிரப்பள்ளி
14 ஜூலை 2002

என் ரோசிலிக்கு,

பதில் தாமதமானதற்குத் தபாலைக் குறை சொல்ல மாட்டேன். உன் கடிதத்தைப் படித்துவிட்டுக் கோபத்தில் மடித்து வைத்துவிட்டேன்.

பிறகு ஒரு நாள் பஸ் ஸ்டாண்டுக்கு மேலே இருக்கும் இங்கிலீஷ் வகுப்புக்குப் போனேன். எல்லாம் நர்ஸ் பெண்கள். மீசை வைத்தவன் நான் ஒருத்தன். டீச்சர் என்னை எழுப்பி, என்னைப் பற்றிச் சொல்லச் சொன்னாள். பெயருக்கு மேல் ஒன்றும் வரவில்லை. யாரும் சிரிக்கவில்லை, அதுதான் இன்னும் மோசம். வெளியே வந்து மழையில் ஜீப்புக்குள் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். உன் வார்டு ஞாபகம் வந்தது.

மறுநாளும் போனேன். இப்போதும் போகிறேன். அம்மச்சி, "பேபிச்சன் பேசாம இருக்கிற ஒரு இடத்தை இப்பத்தான் கண்டுபிடிச்சிருக்காங்க" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறாள். நாங்கள் அங்கே வந்த பிறகு என் அண்ணன் வீட்டில் இருக்க அவள் சம்மதித்துவிட்டாள்.

விசாவுக்கு வேண்டிய காகிதங்களை அனுப்பு. ஒன்று மட்டும் கேட்கிறேன். ஏர்போர்ட்டில் அந்த அதிகாரி கேள்வி கேட்கும்போது நீ கூட இருக்க மாட்டாய். அங்கே நான் எப்படியோ சமாளித்துக்கொள்வேன். ஆனால் மார்கரெட் வீட்டுக்கு நம்மைக் கூப்பிட்டால், நீ எனக்காகப் பதில் சொல்லக் கூடாது. நேரமானாலும் பரவாயில்லை, நானே சொல்கிறேன். தப்பை வீட்டுக்கு வந்து திருத்து.

உன்,
பேபிச்சன்