சார்ஜனின் இடது கைக்கு ஒரு மடக்குக் கத்தி

புதன்கிழமை, இரவு.

பண்டாரவளைக் கடையில் இன்று மானம் போனது. மடக்குக் கத்தியைத் திறக்க முடியாமல், "பழுதுங்க" என்று திருப்பிக் கொடுத்தேன்.

"இடது கைக்காரருக்குன்னு கேட்டது நீங்கதானேண்ணே? இடது கையால திறங்க," என்றார் கடைக்காரர். கடையே சிரித்தது. நானும் சிரித்து வைத்தேன்.

போன மாதம் தோட்டத்து ரோட்டில் பஸ் கவிழ்ந்தபோது, சீட்டில் சிக்கிய என் மகளின் புத்தகப் பையின் பட்டியை அறுத்து அவளை வெளியே இழுத்தவர் ஒரு பொலிஸ் சார்ஜன். இடது கைக்காரர். அவருடைய கத்தி அன்று பள்ளத்தில் விழுந்து தொலைந்தது. அதற்குப் பதிலாகத்தான் இது.

கடையிலிருந்து நேரே போனேன். பொலிஸ் நிலைய வாசலில், "பையில என்ன?" என்றார்கள். "கத்தி" என்று சொல்லித் தொலைத்தேன். இரண்டு பேர் நடுவில் நடத்திக்கொண்டு போய் அவர் முன்னால் நிறுத்தினார்கள்.

விஷயத்தைச் சொன்னேன். "நாங்க கைநீட்டி எதுவும் வாங்கக் கூடாதுண்ணே," என்றார் சார்ஜன்.

நான் விடவில்லை. "கத்திய கையில குடுத்தா சண்டை வரும்னு நாங்களும் குடுக்க மாட்டோம் சார். மேசையில வச்சிட்டுப் போறேன்."

வாய்விட்டுச் சிரித்தார். இடது கையால் எடுத்தார். ஒரே தட்டில் திறந்துகொண்டது.

"மக எப்படி இருக்கா?"

"பள்ளிக்கூடம் போறா சார்."

அந்தக் கையை ஒருமுறை கண்ணில் ஒற்றிக்கொள்ளட்டுமா என்று வாய் வரை வந்தது. கேட்கவில்லை.