மூன்று லூப்பை ஒன்றாக்கிவிட்டார்கள், கிரேஸ்

என் செல்லத் தங்கை கிரேஸுக்கு,

நீ கண்மூடிய பிறகு உன் வேலூர் கம்பெனிப் பக்கமே நான் போகவில்லை. போன வாரம் அவர்களே கூப்பிட்டார்கள். தோல் தொழிற்சாலைகளின் கழிவுநீர்த் தொட்டியில் விஷவாயு இருக்கிறதா என்று காட்டும் மீட்டர், நீ நிரல் எழுதிய மீட்டர், அதற்கு உன் பெயரையே வைக்கிறார்களாம். அண்ணன் வந்து வெளியிட வேண்டுமாம். முதலில் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

அன்று மாலையே ஆம்பூரிலிருந்து முனுசாமி பேசினார். தொட்டி சுத்தம் செய்கிறவர். உன் முதல் மீட்டரை வாங்கிப் பார்த்தவர்.

"சார், புது மீட்டரு பேஜாரா கீது. கயித்துல கட்டி உள்ள வுட்டோம், பூஜ்யம் காட்டுச்சு. எம் மச்சான் எறங்குனான். கேஸ் அடிச்சி வுழுந்துட்டான். இழுத்துப் போட்டோம். அப்பவும் பூஜ்யந்தான் காட்டுது."

மச்சான் ஆஸ்பத்திரியில் இருக்கிறார். பிழைத்துக்கொள்வார் என்கிறார்கள்.

நீ ஒருமுறை எனக்குச் சொன்னாயே. நாம் எழுதுவதைச் சிப்புக்குப் புரிகிற கட்டளையாக மாற்றுவது கம்பைலர். சிப்புக்குள் கைக்கெட்டும் இடங்கள் ரெஜிஸ்டர்கள், அவை கொஞ்சம்தான். "எல்லா நம்பரையும் ஒரே நேரத்துல புடிச்சி வெச்சிக்கோன்னா, எடம் பத்தாம மிச்சத்தை மெமரியில போட்டுடும்ணா. இந்தச் சிப்புல மெமரியும் கம்மி. நெரம்பி வழிஞ்சா மீட்டர் நின்னுடும், கடைசி நம்பரைக் காட்டிக்கிட்டே." அதனால்தான் ஒரு பெரிய லூப்பை, அதாவது திரும்பத் திரும்ப ஓடும் கட்டளைத் தொகுப்பை, மூன்று சின்ன லூப்பாகப் பிரித்தாய். வேண்டும்போது மட்டும் எண்ணை எடு, வேலை முடிந்ததும் விடு, சுலபமான கணக்கென்றால் விடையைச் சேர்த்து வைக்காமல் மறுபடியும் கணக்கிடு என்றாய்.

அந்த மூன்று லூப்பும் இருக்கிறதா என்று மேனேஜரிடம் போய்க் கேட்டேன்.

"மூணு லூப்பு எதுக்கு சார்? ஒண்ணாக்கினா ஸ்பீடு ஜாஸ்தி. ஆபீஸ் கம்ப்யூட்டர்ல ஓட்டிப் பார்த்தோம், ஜம்முனு ஓடுச்சு."

"ஆபீஸ் கம்ப்யூட்டர்ல ரெஜிஸ்டர் தாராளமா இருக்கும். மெமரிக்கும் பஞ்சமில்லை. மீட்டர் சிப்புல ஓட்டிப் பார்த்தீங்களா?"

அவர் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"கிரேஸ் ஏன் பிரிச்சு வெச்சான்னு யாராவது கேட்டீங்களா?"

"அவங்கதான் இல்லையே சார்."

நீ இல்லை என்பதால் உன் வேலையைத் தூக்கி எறிந்தார்கள். நீ இல்லை என்பதால் உன் பெயரை ஒட்டுகிறார்கள். இருந்திருந்தால் இரண்டில் எதை நடக்க விட்டிருப்பாய்? அந்த ஆள் எனக்குக் காப்பி வாங்கி வரச் சொன்னான் கிரேஸ். குடிக்காமல் எழுந்து வந்தேன்.

ஊர் படிக்கட்டும் என்றுதான் இதைப் பத்திரிகையில் எழுதுகிறேன். அந்த மீட்டரை நம்பி யாரும் இறங்க வேண்டாம். முனுசாமி ஆம்பூர் முழுக்கச் சொல்லிவிட்டார். நாளை நாங்கள் இருவரும் மேல்விஷாரம் தோல் தொழிற்சாலைகளிலும் சொல்லப் போகிறோம். உன் மூன்று லூப்பும் திரும்ப உள்ளே போய், அந்தச் சிப்பிலேயே ஓடுவதை நான் கண்ணால் பார்க்கும்வரை, எந்த டப்பாவிலும் உன் பெயரை ஒட்ட விடமாட்டேன்.

கோபம் ஆறாமல்,
உன் அண்ணன்