நான் வெட்டிய இரண்டு வரி

வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்குப் போய்வந்த ஒருவர் இன்று அலுவலகத்துக்குக் கச்சான் கடலை கொண்டுவந்தார். கடதாசிச் சரையைப் பிரித்ததும் வறுத்த வாசம் அறை முழுக்கப் பரவியது. எல்லோரும் கை நீட்டினார்கள். நான் கதிரையைத் தள்ளிவிட்டு வெளியே போய்விட்டேன். பக்கத்து மேசையில் கச்சான் கொறித்தபடி நீர் வேலை செய்த நாட்கள் அப்படியே வந்து முன்னால் நின்றன, தங்கச்சி. உமக்கு மடல் எழுதும் யோக்கியதை எனக்கில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

கிளிநொச்சியில் இருந்துகொண்டு கிரிப்டோ நாணயங்களின் பழைய விலைகளைப் பற்றி எழுதுகிறோம் என்றால் ஊரில் யாருக்கும் விளங்காது. எந்த நாணயம், எந்த நாள் என்று கேட்டால் அன்றைய விலையைச் சொல்லும் கருவி அது. கேட்கப்போவது மனிதரல்ல, ஆட்களுக்காகத் தாமே தகவல் தேடிச் சொல்லும் ஏஐ ஏஜென்ட்கள். கருவியை எப்படிப் பாவிப்பது என்று அவை எங்கள் விளக்கக்குறிப்பை வாசித்துத்தான் அறியும். வெளிநாட்டுக் கொம்பனி ஒன்றுக்காக அந்தக் குறிப்பை நீரும் நானும் எழுதினோம். பொறுப்பு என்னுடையது.

நான் எழுதிவிட்டு எழும்பிவிடுவேன். நீர் ஒவ்வொரு நாளின் விலையாகக் கருவியிடம் கேட்டுப் பார்ப்பீர். ஒருநாள் திரையை என் பக்கம் திருப்பினீர். "அண்ணா, இஞ்சை பாருங்கோ. இந்த நாணயத்துக்கு ஒன்பது நாளா ஒரே விலை. விலை நிக்கேல்லை, விலையே இல்லை. இல்லாத நாளுக்கு இது முதல்நாள் விலையைத் தூக்கித் தருது."

அதை இரண்டு வரியில் எழுதிச் சேர்த்தீர். விலை இல்லாத நாளில் முந்தைய விலையே வரும். அதை அன்றைய விலை என்று சொல்லாதே. அவ்வளவுதான். குறிப்பு நீண்டுவிட்டது, கருவியைக் குறை சொல்வதுபோல் இருக்கிறது, கொம்பனிக்குப் பிடிக்காது என்று நான் அதை வெட்டினேன். "மனுசன் வாசிச்சா ஒருக்கா யோசிப்பான் அண்ணா. ஏஜென்ட் பாவம், எழுதினதை அப்பிடியே நம்பும்" என்றீர். "விடும், பிறகு பாப்பம்" என்றேன். அந்தப் 'பிறகு' வரவேயில்லை.

நீர் பயந்ததே நடந்தது. வியாபாரமே நின்றுபோன ஒரு நாணயத்தை, விலை ஆடாமல் நிற்கிறது என்று ஒரு ஏஜென்ட் யாருக்கோ சொல்ல, அந்த மனிதரும் நம்பியிருந்து நட்டப்பட்டுவிட்டார். கொம்பனிக்காரர் காணொளி அழைப்பில் வந்து, அந்தப் பக்கத்தைச் சோதித்தது யார் என்று கேட்டார். நீர் எனக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்தீர். நான் உமது பெயரைச் சொன்னேன்.

சோதித்தது நீர்தானே, பொய்யில்லையே என்று எத்தனை நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்! சீ. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவன் நான். நான் வெட்டிய வரிகள் உள்ள பழைய பிரதி உமது கணினியில் இருந்தது. ஒருமுறை திறந்து காட்டியிருந்தால் போதும். நீர் அதைத் திறக்கவேயில்லை. அடுத்த கிழமை உம்மை வேலையை விட்டு நிறுத்தினார்கள். பையைத் தோளில் போட்டுக்கொண்டு நீர் சொன்னது இவ்வளவுதான்: "உங்களுக்குப் பிள்ளை பிறக்கப்போகுது. எனக்கு வேற வேலை கிடைக்கும் அண்ணா."

கிடைக்கவில்லை என்று பிறகு அறிந்தேன். நான் ஒரு அழைப்பும் எடுக்கவில்லை. மகள் பிறந்ததைக் கேள்விப்பட்டு, "பிள்ளை ஆரைப் போல அண்ணா?" என்று செய்தி அனுப்பினீர். உயர்த்திய பெருவிரல் படம் ஒன்றைப் போட்டுவிட்டுப் போனை வைத்தேன். எழுத்து எழுதிப் பிழைக்கிறவனுக்கு உமக்கு எழுத ஒரு வரி கிடைக்கவில்லை. சில மாதத்தில் காய்ச்சல் வந்து, பத்து நாளில் நீர் போய்விட்டீர்.

செத்தவீட்டுக்கு உமது ஊர் பூவரசங்குளம் வந்தேன். வாசலில் நின்றே திரும்பிவிட நினைத்தேன். உமது அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "தம்பி, கொம்பனி ஆக்களைக் குறைச்சதாம். அண்ணா எனக்காக எவ்வளவோ கதைச்சுப் பாத்தவர் எண்டு அவள் சொன்னவள். உங்களை மறக்கமாட்டம்." உமது வீட்டில் என்னை நல்லவனாக வைத்துவிட்டுப் போயிருக்கிறீர். ஏசியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன், தங்கச்சி.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியைக்கு அச்சடிக்கும் நினைவுப் புத்தகத்துக்கு அம்மா என்னிடம்தான் ஒரு பக்கம் கேட்டார். எழுதினேன். வேலையில் உமது கவனம், பொறுமை, சிரிப்பு, கச்சான், எல்லாம் வந்தது. உம்மை ஏன் நிறுத்தினார்கள் என்ற இடத்துக்கு வந்ததும் கை நின்றது. இரண்டு வரி எழுதினேன். பிறகு அதையும் வெட்டிவிட்டுத்தான் அச்சகத்துக்கு அனுப்பினேன்.

அந்தியேட்டி முடிந்த மறுநாள் அம்மா அழைத்தார். அழுதுகொண்டே சொன்னார்: "என்ர பிள்ளையைப் பற்றி ஒண்டும் விடாமல் எழுதியிருக்கிறியள், தம்பி."

நான் "ஓம் அம்மா" என்றேன்.