அண்ணன் நிற்கும் தொகுதி

29.9.93, புதன்
காலையிலிருந்து தூறல். அம்பத்தூர் எஸ்டேட் பஸ் இரண்டை விட்டுவிட்டு மூன்றாவதில் தொங்கல். ஸ்டோர்ஸில் பெரிய போல்ட் தீரப்போகிறது, மேனேஜரிடம் சொல்ல வேண்டும்.

மகள் ஷாஹிதாவுக்கு ஆவடியில் மத்திய அரசு வேலை. பரீட்சை, இன்டர்வியூ முடிந்தது. போலீஸ் விசாரணை மட்டும் பாக்கி.

சாயங்காலம் மெடிக்கல் ஷாப் சுந்தரம் வாசலில். “பாய், கராச்சி லைன்ல கீது. சீக்கிரம் வா.” எங்களுக்கு ஃபோன் வருவது அவர் கடைக்குத்தான்.

யூசுஃப் அண்ணன். திரும்பவும் தேர்தலில் நிற்கிறாராம். “எனக்காக துஆ செய்டா” என்றார். வேண்டிக்கொள்கிறேன் என்றேன்.

30.9, வியாழன்
அண்ணன் கராச்சி போனது 51-இல். மாமாவின் தோல் வியாபாரத்துக்கு ஒத்தாசையாக. எனக்கு அப்போது பத்து வயது இருக்கும். அங்கேயே தங்கிவிட்டார். 85-இல் கட்சிகளே இல்லாமல் ஒரு தேர்தல் நடந்தது அங்கே. நின்றார், ஜெயித்தார். தேசிய சபை உறுப்பினர். நம் எம்.பி. மாதிரி. மூன்று வருஷத்தில் சபையைக் கலைத்தார்கள். 88-இல் தோல்வி. 90-இல் டெபாசிட்டும் போனது. “மதராசிக்கா உங்கள் ஓட்டு?” என்றுதான் எதிராளிகள் பிரச்சாரமாம். இங்கே பூந்தமல்லியில் எங்கள் வீட்டுக்குப் பெயர் பாகிஸ்தான்காரர் வீடு.

தொண்டை கட்டியிருக்கிறது. உப்புத் தண்ணீர்.

1.10, வெள்ளி
ஜும்மா தொழுகை. கையேந்தினேன். அண்ணன் உடம்பு சுகமாக இருக்கட்டும், வியாபாரம் பெருகட்டும், தேர்தலில் மட்டும் தோற்கட்டும். இப்படித்தான் கேட்டேன்.

வீட்டில் மனைவி ஜமீலா அண்ணன் ஜெயிக்க நோன்பு வைத்திருக்கிறாள். “பெரிய மச்சான் ஜெயிச்சா தெரு பூரா ஜாங்கிரி குடுப்பேன், பாத்துக்குங்க.”

அண்ணன் அங்கே எம்.பி. ஆனால் மகளின் வேலை என்னாகும் என்ற கவலையே அவளுக்கு இல்லை. இரண்டையும் முடிச்சுப் போட்டுப் பார்ப்பது நான் மட்டும்தான் போல.

3.10, ஞாயிறு
ஏட்டு ஏகாம்பரம் விசாரணைக்கு வந்தார். டீ. பக்கோடா. ஊர், தொழில், எத்தனை வருஷமாக இந்த வீட்டில். பிறகு:

“வெளிநாட்ல சொந்தம் யார்னா கீறாங்களா பாய்?”

“அண்ணன் ஒருத்தர். கராச்சியில.”

எழுதுகிற கை நின்றது. “இன்னா பண்றாரு?”

“தோல் வியாபாரம்.”

“அரசியல் கிரசியல்னு எதுவும் இல்லியே?”

“இல்ல.”

இன்றைய தேதிக்கு அவர் எம்.பி. இல்லை. அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மகள் ஷா. கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

6.10, புதன்
அங்கே ஓட்டுப்பதிவு. இங்கே சுள்ளென்று வெயில். கூட வேலை செய்யும் மாரி, “இன்னா மாமே, டல்லா கீறே?” தலைவலி என்றேன். போல்ட் இன்னும் வரவில்லை.

7.10, வியாழன்
ஜெயித்துவிட்டார்.

அண்ணனே ஃபோனில். அந்தப் பகுதியில் செல்வாக்கான கட்சி இந்தத் தேர்தல் வேண்டாம் என்று ஒதுங்கிக்கொண்டதாம். ஓட்டுப் போட ஆளே வரவில்லை. வந்த கொஞ்சம் பேரில் நிறையப் பேர் இவருக்குப் போட்டிருக்கிறார்கள். “ஊரே கதவைச் சாத்திக்கிட்டு இருந்துச்சு, நான் எம்.பி. ஆயிட்டேன்டா” என்று சிரித்தார். அப்படியே எங்கள் அத்தாவின் சிரிப்பு. நானும் சிரித்தேன். சந்தோஷம்தான், பொய்யில்லை. ரிசீவரை வைத்த பிறகுதான் ஏட்டிடம் சொன்னது ஞாபகம் வந்தது.

சுந்தரம் மருந்து வாங்க வந்தவர்களிடமெல்லாம், “நம்ம பாயோட அண்ணாத்தே பாகிஸ்தான்ல எம்.பி.!” ஜமீலாவைத் தடுக்கலாம் என்று வேகமாக நடந்தேன். அதற்குள் தட்டோடு தெருவில் இறங்கிவிட்டிருந்தாள்.

8.10, வெள்ளி
வேலைக்குக் கிளம்பும்போது ஷா. வழியில் நின்றாள்.

“ஏட்டுகிட்ட போய்ச் சொல்லிடுங்க அத்தா.”

“வேலை போயிடும்மா.”

“போனா போவுது. பெரியப்பாவை மறைச்சு வாங்குன வேலையில தெனம் நான் எப்படிப் போய் உக்காருவேன்?”

அரை நாள் லீவு. இருவரும் ஸ்டேஷனுக்குப் போனோம். நான் வாயைத் திறப்பதற்குள் ஏட்டே ஆரம்பித்தார்.

“தெரியும் பாய். எங்க ஊட்டுக்கும் ஜாங்கிரி வந்துச்சு.”

சுவர்க் காலண்டரைப் பார்த்தேன்.

“ரிப்போர்ட் அனுப்பிட்டீங்களா சார்?” ஷா.தான் கேட்டாள்.

“இல்லம்மா. உங்கப்பா வருவாரான்னு பாத்துகினு இருந்தேன்.” பேனாவைத் திறந்தார். “நீயே சொல்லு. பெரியப்பா பேர் இன்னா, பதவி இன்னா?”

சொன்னாள். ஊர், தொகுதி எல்லாம் தெரிந்து வைத்திருக்கிறாள். வெளியே வந்து, “பசிக்குது அத்தா” என்றாள். இட்லி வாங்கிக் கொடுத்தேன். ஜும்மாவுக்கு நேரம் இருந்தது. தொழுதேன். எதுவும் கேட்கவில்லை.

22.11, திங்கள்
அடைமழை. தெருவில் முழங்கால் தண்ணீர்.

ஆவடியிலிருந்து பதில். வேலை இல்லை. காரணம் எழுதவில்லை. ஏட்டு எழுதியதாலா, வேறு ஏதாவதா, யாருக்குத் தெரியும். ஜமீலா அழுதாள். ஷா. நன்றாகவே சாப்பிட்டாள். பிறகு குளியலறையில் வெகுநேரம் தண்ணீர் விழும் சத்தம்.

அண்ணன் மேல் கோபம் வருமா என்று பார்த்தேன். வரவில்லை. எதுவுமே வரவில்லை.

5.12, ஞாயிறு
மழை இல்லை. துணியெல்லாம் மொட்டை மாடியில்.

வேலப்பன்சாவடியில் ஒரு கல்லூரி அலுவலகத்தில் ஷா.வுக்கு டைப்பிஸ்ட் வேலை. நாளை சேர வேண்டும்.

மதியம் அண்ணன் ஃபோன். ஷா. என்னை முந்திக்கொண்டு ஓடினாள். பெரியப்பாவோடு அவள் பேசுவது இதுதான் முதல் தடவை. நான் கடை வாசலில் நின்றேன். ஒரே சிரிப்பு. சுந்தரம் மாத்திரை எண்ணுவதை விட்டுவிட்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பி வரும்போது கேட்டேன். சபையில் பெரியப்பாவுக்குக் கடைசி வரிசையாம். பக்கத்து சீட்காரர் குறட்டையாம்.

“ஆவடி வேலை என்னாச்சுன்னு கேட்டாரா?”

“கேட்டாரு. தூரமா இருக்கு, நான்தான் வேணாம்னுட்டேன்னு சொன்னேன்.”

நின்றுவிட்டேன். அவள் நாலடி போய்த் திரும்பினாள்.

“இன்னா அத்தா அப்படிப் பாக்குறீங்க? எத்தினி வருஷமா தோத்துக்கினே இருந்தவரு. கொஞ்ச நாள் சந்தோஷமா இருக்கட்டுமே.”