செவலைப் பசு விலைக்கு

விஜய வருஷம், மாசி 4, வியாழன்

காலையில் பனி. மலை தெரியவே இல்லை. தவசுக்காலம், ஒருவேளைச் சாப்பாடு. தொழுவம் கூட்டியாச்சு. வத்தல் காயப் போடணும்.

இந்த நோட்டு பாவம் எழுதிவைக்க. பாவசங்கீர்த்தனத்துக்குப் போனால் நான் ஊர்க்கதை பேசிவிடுகிறேனாம். எழுதிக்கொண்டு வந்து படி என்றார் சுவாமியார். சரி.

பாவம்: அதிகப் பேச்சு. எத்தனை தடவை, தெரியாது.

ஆனால் இந்த வாரப் பேச்சுக்குக் காரணம் சவரி. என் அண்ணன் மகன். உ.பாளையத்தில் ஒரு பெரியவர் (பேரை இதில்கூட எழுத மாட்டேன்) தன் புஞ்சையைக் கொடுக்கிறார். மகளுக்கு அவர்கள் நோன்புக்கு முன்னே நிக்காஹ். நிலத்தை விற்றுத்தான் கல்யாணம் என்று மாப்பிள்ளை வீட்டார் காதில் விழுந்தால் சம்பந்தம் கலைந்துபோகும். எழுதி முடிகிறவரை தன் பேரும் நிலமும் எந்த வாயிலும் வரக்கூடாது என்று எங்களிடம் கையடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டார். மேலே மலையில் அணை எழும்புகிறது. தண்ணீர் இந்தப் பக்கம் திரும்பினால் அந்தப் புஞ்சை நஞ்சை. விலையில் பாதிக்கு என் நகையும் சவரி சேர்த்ததும் இருக்கு. மறு பாதிக்குக் கூட்டாளி ஒருத்தர் வேணும்.

வழி நான் சொன்னது. நிலம் என்று சொல்லவே கூடாது. பசு ஒன்று விலைக்கு வருது, பாதிப் பங்கு போடுகிறீர்களா என்று கேட்கணும். மண்ணைத்தான் சொல்கிறோம் என்பது கேட்கிறவருக்குப் புரியும். எந்த மண், யார் மண், அது புரியாது. சம்மதித்துச் சத்தியம் பண்ணினவருக்கு மட்டும், அச்சாரம் கொடுக்கிற அன்றைக்கு, பேர்.

சவரிக்கு நாலு பேர் முன்னால் பேச்சு வராது. "நீ பேசு அத்தை, நான் பக்கத்துல இருக்கேன்" என்றான்.

மாசி 6, சனி

மூன்று இடம் போயாச்சு. இடுப்பு விட்டுப்போச்சு.

கம்பத்து மிளகு வியாபாரி: யோசிக்கிறாராம். மோர் கொடுத்தார், உப்பு ஜாஸ்தி.

அணை வேலை மேஸ்திரி: "பசு எத்தனை படி கறக்கும் ஆத்தா?" என்று சிரித்தார். மலையிலிருந்து இறங்கின பிறகு சொல்கிறாராம்.

கோம்பையார்: சவரியின் மாமனார். வாசலில் நாய் விடவில்லை. அதைப் பிடித்துக் கட்டுவதற்குள் பொழுது ஏறிப்போச்சு. தனக்கு வசதிப்படாது, ஆனால் வெளியே விட மாட்டேன் என்று சிலுவையைத் தொட்டு முத்தி செய்து சத்தியம் பண்ணினார். சவரி அங்கனயே சாப்பிட்டு வருகிறேன் என்றான். எனக்கு ஒருசந்தி விரதம். முன்னாலேயே கிளம்பி வந்துவிட்டேன்.

பிறகு வந்தவன் என்னைத்தான் பிடித்துக்கொண்டான். கம்பத்தில் காரிப் பசு என்றேனாம், மேஸ்திரியிடம் மயிலை என்றேனாம், கோம்பையில் செவலை என்றேனாம்.

"ஏன் அத்தை, ஒரு பசுவுக்கு எத்தனை நெறம்?"

ஒரே கதையை மூன்று இடத்திலும் ஒரே மாதிரிச் சொல்ல எனக்கு வராது. வாய் சலித்துப்போகும். கோம்பையில் பேசும்போது வீட்டில் நிற்கிற என் பசு செல்லி நினைப்பு. அவள் செவலை. அதுவே வாயில் வந்துவிட்டது.

பாவம்: சவரியைக் கழுதை என்றது. ஒரு தடவை.

மாசி 9, செவ்வாய்

ஜெபமாலை பாதியில் நிற்கிறது. எழுத்து கோணல்.

பெரியவர் ஆள் அனுப்பியிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வீட்டார் வந்து உட்கார்ந்திருக்கும்போது ஒரு தரகன் வாசலில் வந்து நின்று, அந்தச் செவலைப் பசு விலைக்காமே என்று கேட்டிருக்கிறான். கண்ணைச் சிமிட்டிக்கொண்டு. தொழுவத்தில் இருப்பது எருமை ரெண்டு. எந்தப் பசு, என்ன பசு என்று மாப்பிள்ளையின் மாமன் துளைத்து எடுத்துவிட்டாராம். வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து திரும்ப வந்து, பேச்சை முடிப்பதா விடுவதா என்று சொல்வார்களாம்.

பெரியவர் சொல்லி அனுப்பினது இவ்வளவுதான்: "எம் மக அழுதுக்கிட்டிருக்கா. இனிமே எங்க வாசலுக்கு வராதீக."

அந்தப் பிள்ளைக்குப் பதினாறு வயசுகூட ஆகவில்லை. போன தடவை எனக்குத் தண்ணி மொண்டு கொடுத்தது.

சவரி என் முகத்தைப் பார்த்து, "ஒன் வாய்தான் அத்தை. ஊருக்கே தெரியும்" என்றான். அவன் பெண்டாட்டி அருளாயி அடுப்படியில் நின்று தலையை ஆட்டுகிறாள். எனக்கு ஐம்பத்து மூன்று வயசு. இவனுக்குக் கோவணம் கட்டிவிட்டவள் நான். பேசத் தெரியாது வா வா என்று வண்டியில் ஏற்றிக்கொண்டு போனவன் இவன். இப்போது என் வாய்.

சோறு இறங்கவில்லை. இதை ஒருசந்தியில் சேர்க்கலாமா, சுவாமியாரைக் கேட்கணும்.

மாசி 10, புதன்

வெயில். வத்தலைத் திருப்பிப் போடும்போதுதான் உறைத்தது. தரகன் கேட்டது என்ன பசு?

செவலை.

கம்பத்தில் காரி. மேஸ்திரிக்கு மயிலை. செவலை ஒரே ஒரு வீட்டில்தான் சொன்னேன். சொன்னபோது என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் சவரி.

அவனைக் கூப்பிட்டு நிற்க வைத்தேன். நிறம் கோம்பையில் நான் சொன்னது, ஒத்துக்கொள்கிறேன். பெரியவர் பேர் அங்கே எப்படிப் போச்சு? நான் கிளம்பின பிறகு, சாப்பாட்டில், இரண்டாந்தரம் குழம்பு ஊத்தும்போது சொல்லியிருக்கிறான்.

"மாமா கேட்டாக அத்தை. மாமனாருட்ட எப்பிடி இல்லன்றது?"

அவர் சிலுவையை முத்தி செய்தாரே, அது என்ன ஆச்சு? அருளாயி, எங்க அப்பாவைச் சொல்லாதீக என்று அழ ஆரம்பித்தாள். ஆக, கூட்டுச் சேர வசதியில்லாதவருக்குத் தரகனை அனுப்ப வசதி இருக்கிறது. தனக்கு வாங்கப் பார்த்திருக்கிறார், வேறென்ன.

மன்னிச்சிரு என்று சவரி வாயில் ஒரு வார்த்தை வரவில்லை. நேற்று என்னைச் சொன்னதற்கு. எழுதிவைக்கிறேன்.

பாவம்: கோபம். கோம்பையார் நாய் அவரையே கடிக்கணும் என்று நினைத்தது.

மாசி 12, வெள்ளி

விடியுமுன் கிளம்பினேன். சிலுவைப் பாதைக்குப் போகவில்லை, இதுவும் எழுதணும். செல்லியைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு உ.பாளையம் வரை நடை. வழியெல்லாம் மேய்ந்தாள்.

பெரியவர் கதவில் நின்றார். வா என்று சொல்லவில்லை. நான் சொன்னேன்: "செவலைப் பசு விலைக்குன்னு உங்க வாசல்ல வந்து கேட்டாகல்ல. இந்தா செவலை. இது எம் பசு, விக்கணும். உங்கள வித்துத்தரச் சொல்லியிருக்கேன். கேக்குறவுகட்ட அப்பிடியே சொல்லுங்க."

அவர் பசுவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். தானே கயிற்றை வாங்கிக் கட்டினார். பொண்ணு உள்ளே இருந்து தவிட்டுத் தண்ணி கொண்டுவந்தது.

யோசித்துப் பார்த்துவிட்டேன். பசு என்னுது. செவலை. விலைக்கு. இதில் பொய் ஒரு சொல்கூட இல்லை.

ஜும்மா முடிந்து வந்தார்கள். வாசலில் பசு நிற்பதைக் கண்டதும் மாப்பிள்ளையின் மாமன் சிரித்துவிட்டார். இதுக்குத்தான் அந்தத் தரகன் கண்ணடிச்சானா என்றார். பல்லைப் பிடித்துப் பார்த்தார், மடியைப் பார்த்தார். அதோடு போவார் என்றல்லவா நினைத்தேன்? பிடித்துப்போச்சு, தனக்கே வேண்டும் என்றார். விலைக்கு இல்லை என்று இப்போது எந்த வாயால் சொல்ல? துண்டைப் போட்டு, துண்டுக்குள் விரலைப் பிடித்துப் பெரியவரும் அவரும் விலை பேசினார்கள். சுற்றி அத்தனை பேர், ஒருத்தருக்கும் தொகை தெரியாது. அந்தத் துண்டை ஒருநாள் சவரி வாயில் கட்டணும்.

நிக்காஹ் உறுதி. வெற்றிலை மாற்றிக்கொண்டார்கள்.

செல்லி திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள். ஏழு வருஷம்.

நான் கிளம்பும்போது பெரியவர் வண்டிப்பாதை வரை வந்தார். "நிக்காஹ் முடியட்டும் ஆத்தா. பொறகு நீ மட்டும் வா. ஓம் பங்குக்கு உள்ள நெலத்த ஒனக்கே எழுதித் தாரேன். சவரிக்குத் தெரிய வேணாம்."

சரி என்றேன். வேறு ஒன்றும் பேசவில்லை. பேசாமல் வந்தது நான்தான்.

மாசி 13, சனி

மேகம். சாயங்காலம் பாவசங்கீர்த்தனம்.

காலையில் சவரி வெறுந்தொழுவத்தைப் பார்த்துவிட்டு வந்தான். செல்லி எங்கே?

"வித்துட்டேன்."

எதுக்கு, யாருக்கு, எங்கன வச்சு என்று மூன்று தடவை கேட்டான். போடிச் சந்தையில் என்றேன். நேற்று போடியில் சந்தையே இல்லையே அத்தை என்றான். வத்தலை அள்ளிக்கொண்டிருந்தேன், அள்ளினேன்.

பாவம்: பொய். ஒன்று. செய்ததற்கு மனம் வருந்துகிற மனஸ்தாபம் இல்லாமல் மன்னிப்பு இல்லை என்பார் சுவாமியார். காலையிலிருந்து பார்க்கிறேன், வரவில்லை.