எதனோடும் இணைக்காத பெடல்

போன வியாழக்கிழமை காலை உன் மகள் செல்வி அச்சகத்துக்கு வந்தாள். பிழை பார்க்க நான் விரித்து வைத்திருந்த தீப்பெட்டி லேபிள் தாளின்மேல் உன் வண்டிச் சாவியை வைத்தாள். சாவியோடு பிரேக் ஆயில் வாசமும் வந்தது. விளக்கெண்ணெயை இரும்புச் சட்டியில் காய்ச்சி, அதில் ஒரு மீனைக் காட்டி எடுத்தது போன்ற வாசம். உன் சட்டையில் அது இருந்தது, துண்டில் இருந்தது, நீ வாங்கித் தந்த கடலைமிட்டாயில்கூட இருந்தது. நீ போய் எட்டு மாதமாகிறது. வாசம் மட்டும் சாவியிலேயே தங்கிவிட்டிருக்கிறது. மேசைக்கு அடியில் என் வலது கால் தானாகத் தரையை அழுத்தியது.

“மாமா, திங்கக்கெழம மொத லோடு. புதியம்புத்தூர்ல இருந்து தச்ச சட்டக் கட்டு. ஆட்டு ஏவாரம் இனிமே வேண்டாம்னு அம்மா சொல்லிட்டா. நீங்களும் வாங்க, அப்பாகூடப் போன மாதிரி.”

“வண்டிய யாரு ஓட்டுதா?”

“நாந்தான். வேற யாரு இருக்கா?”

முன் இடது சக்கரத்துக்குப் பிரேக் கிடையாது. ஐந்தே சொற்கள். மற்றவர்களுடைய சொற்களில் பிழை கண்டுபிடித்துச் சம்பளம் வாங்குகிறவனுக்கு அந்த ஐந்தும் வாயில் வரவில்லை. “பாப்போம்” என்றேன். உன் மகள் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அந்தச் சுபாவம் யாரிடமிருந்து வந்தது என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

நீ வாங்கும்போதே அது இரண்டு பேரிடம் உழைத்துக் களைத்த பிக்கப். உனக்கு முன்னால் வைத்திருந்தவர் தூத்துக்குடியிலிருந்து அதில் உப்பு ஏற்றியிருக்கிறார். உப்பு இறங்கிப் போனாலும் அதன் வேலை நிற்கவில்லை. தரைத் தகட்டை நாள்தோறும் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுகொண்டிருந்தது. உன் அப்பா ஆடுகளுக்குப் பின்னால் நடந்தவர். நீ ஆடுகளை உன் முதுகுக்குப் பின்னால் ஏற்றிக்கொண்டு ஓட்ட ஆசைப்பட்டாய். இரும்புக் குழாய்களைப் பற்றவைத்து, பலகை போட்டு, பின்பக்கத்தை மாடி வைத்த கூண்டாக்கினாய். கீழே செம்மறி, மேலே வெள்ளாடு. எடை கூடியதும் வண்டி பின்னால் உட்கார்ந்தது. காயலான் கடையில் செத்த லாரி ஒன்றின் ஸ்பிரிங் பட்டையை வாங்கி அடியில் சேர்த்துக் கட்டினாய். வண்டி எழுந்து நின்றது. ஆனால் வளைவுகளில் மாடி ஒரு பக்கமும் வண்டி ஒரு பக்கமும் போக விரும்பின. சந்தை நாள் தவறாமல் நான் உன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். விடிகாலையில் நீ கண்ணயர்ந்து விடாமல் பேச்சுக் கொடுப்பது என் வேலை. எனக்குத் தூக்கம் வந்ததே இல்லை. பயந்தவனுக்கு வராது.

நம் ஊரில் தகுதிச் சான்று வாங்குவதை எஃப்.சி. காட்டுவது என்பார்கள். ஒரே ஒரு நாள் காட்டினால் போதும். அன்றைக்கு மட்டும் நம் வண்டி இரவல் டயர்களில் நிற்கும். இரவல் ஹாரன் ஊதும். வட்டாரத்தில் ஒழுங்கான வீல் சிலிண்டர் ஒன்று இருந்தது, ஞாபகம் இருக்கிறதா? சக்கரத்துக்குள் இருந்துகொண்டு பிரேக்கை விரித்துப் பிடிக்கவைக்கும், கட்டைவிரல் பருமனான சாமான். நான்கு ஆட்டு வியாபாரிகள் அதை மாற்றி மாற்றி மாட்டி எஃப்.சி. காட்டினீர்கள். சோதித்த அதிகாரி பிரேக்கை மிதித்தார், பிடித்தது. அவர்மேல் குற்றமில்லை. அவர் பார்த்தது வேறு வண்டி. மறுநாள் டயர்கள் அவரவர் வீட்டுக்குப் போகும், சிலிண்டர் எட்டயபுரத்துக்குப் போகும், தகுதி மட்டும் தாளில் நம்மிடம் தங்கும்.

அப்படி ஒரு மறுநாளில்தான் முன் இடது சக்கரத்தின் பழைய சிலிண்டர் மொத்தமாக ஒழுகத் தொடங்கியது. நீ வண்டிக்கு அடியில் படுத்தாய். அந்தச் சக்கரத்துக்குப் போகும் பிரேக் பைப்பை அறுத்து, நுனியை மடக்கி, கல்லில் வைத்துச் சுத்தியலால் தட்டையாக அடித்தாய். பக்கத்தில் குனிந்து டார்ச் பிடித்தவன் நான்.

“ஏலே, இப்பிடி அடச்சிட்டா அந்தச் சக்கரம்?”

“சும்மா உருளும்.”

“பிரேக்கு?”

“மத்த மூணும் பிடிக்கும்லா. பிடிக்குதான்னுதான் பாக்கணும். எத்தன பிடிக்குதுன்னு யாருலே எண்ணிக்கிட்டு இருக்கா?”

“எண்ணாம ஏறுததுக்கு நான் ஆடு இல்லலே.”

“ஆடு ஒரு வார்த்த சொல்லுதா பாரு. இத்தனைக்கும் அது மாடில நிக்கி.” பிறகு வெளியே வந்து, கையைத் துடைத்துக்கொண்டு, குரலைத் தணித்தாய். “பிள்ளைக்குத் தெரியாண்டாம். பயந்துரும். அடுத்த சந்தைக்குள்ள மாத்திருவோம்.”

அன்று உன் மனைவி எனக்குக் காப்பி கொடுத்துவிட்டு, நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். “அண்ணாச்சி, வண்டி நல்லா இருக்கா? இவியகிட்ட கேட்டா சிரிக்காவ. நீங்கன்னா பொய் சொல்ல மாட்டீய.”

“நல்லா இருக்கும்மா” என்றேன். காப்பியும் நன்றாக இருந்தது. இரண்டையும் சேர்த்தே சொன்னதாக வைத்துக்கொண்டேன்.

அடுத்த சந்தை வந்தது. அதற்கடுத்ததும் வந்தது. உன்னுடைய அடுத்த சந்தை மட்டும் வரவே இல்லை. இடது பக்கம் பிடிக்காததால், மிதிக்கும்போதெல்லாம் வண்டி வலது பக்கம் இழுத்தது. அதாவது எதிரே வருகிறவர்களை நோக்கி. நீ ஸ்டீயரிங்கை அரைக் கை இடதுபக்கம் ஒடித்துப் பிடிக்கப் பழகிக்கொண்டாய். மழை நாளில் மட்டும் எனக்குக் கொஞ்சம் நிம்மதி. கரிசல் மண் சக்கரத்தை அப்பி, ஒரு பக்கம் தள்ளி மறுபக்கம் இழுத்து, வண்டியை நடக்கவிடாமல் செய்யும். நான்காவது பிரேக்கை நமக்கு மழைதான் தந்தது. நம் பக்கத்து மழையை நம்பி ஒருவன் உயிரை வைத்திருந்தான் என்றால் அவனுடைய மற்ற கணக்குகள் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துக்கொள்.

மணியாச்சிக்குப் போகிற வழியில் அந்த ரயில்வே கேட்டை நான் மறக்கவில்லை. போன வருடம். முப்பது ஆடுகளோடு போகிறோம். கேட் இறங்கத் தொடங்கியது. நீ மிதித்தாய். வண்டி நிற்பதைப் பற்றி யோசிக்கத் தொடங்கியது. மறுபடி மிதித்தாய். வலப்பக்கம் ஒடித்துக்கொண்டு போனது. எதிரே கேட்டுக்குக் காத்து நின்ற பேருந்தின் முகம் வண்டியின் முன்கண்ணாடி முழுக்க வந்தது. மாடியிலும் கீழேயும் இருந்த முப்பது ஆடுகளும் ஒரே நேரத்தில் முன்னால் வந்து நம் முதுகில் இடித்தன. நின்றோம். கேட் கட்டைக்கும் நமக்கும் நடுவே ஓர் ஆள் பக்கவாட்டில் நுழையலாம், மெலிந்த ஆளாக இருந்தால். நான் மிதித்த மிதியில் உப்பு தின்ற தரைத் தகடு கிழிந்திருந்தது. என் செருப்புக்குக் கீழே தார்ச்சாலை தெரிந்தது.

கேட்காரர் நிதானமாக நடந்து வந்தார். “என்ன அண்ணாச்சி, ரயிலுக்கு நேர்ச்சைக் கெடாவா? முப்பதுமா?”

நீ சிரித்தாய். உன் கை ஸ்டீயரிங்கை விடவில்லை. ரயில் போன பிறகும் கொஞ்ச நேரம் விடவில்லை. நீ பயந்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். எனக்கு அது தைரியம் தரவில்லை. என் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவன் பயப்படாதவன் என்ற ஒரே நம்பிக்கையில்தான் அதுவரை நான் ஏறியிருந்தேன்.

அடுத்த வாரம் வந்து பார்த்தால் என் காலடியில் கனமான இரும்புத் தகட்டைப் பற்றவைத்திருந்தாய். அதன்மேல் ஒரு பெடல். லாரியிலிருந்து கழற்றியது; ரப்பர் உறையும் ஸ்பிரிங்கும் உண்டு.

“இத எதுல சேத்திருக்க?”

“ஒண்ணுலயும் இல்ல. நீ எப்பிடியும் மிதிக்கத்தான் போற. மிதிக்கதுக்கு ஒரு எடம் வேணும்லா.”

இரண்டு சந்தைக்கு மானத்தோடு காலை மடக்கி வைத்திருந்தேன். மூன்றாவது சந்தையில் மிதித்தேன். நன்றாகத்தான் இருந்தது. பயத்தை வெல்வது பற்றி நான் படித்த புத்தகங்கள் ஒரு அலமாரி நிறைய இருக்கின்றன. அவற்றில் எதுவும் இவ்வளவு பயன்படவில்லை.

இந்த வண்டி உன்னைக் கொல்லும், கூடவே என்னையும் கொல்லும் என்று பதினொரு வருடம் பயந்தேன். நீ சந்தைக்கு எதிரே டீக்கடை நாற்காலியில் உட்கார்ந்தபடி போனாய். டீ பாதி இருந்தது. வண்டி பத்தடி தள்ளி, சக்கரத்துக்குக் கல் அண்டக் கொடுத்து, ஒரு பாவமும் அறியாததுபோல நின்றது. நான் காவல் காத்தது தவறான வாசலை.

இனி முந்தாநாளுக்கு வருகிறேன். வியாழனும் வெள்ளியும் லேபிளில் சிங்கத்துக்கு வால் இல்லாததைக்கூடக் கவனிக்காமல் விட்டேன். செல்வி ஸ்டீயரிங்கைப் பிடித்திருக்க, கேட் இறங்குவதே கண்ணில் நின்றது. வெள்ளி மாலை உன் வீட்டுக்குப் போனேன். செல்வி வண்டியின் மாடியைக் கழற்றிக்கொண்டிருந்தாள். உன் மனைவி கீழே நின்று பலகைகளை வாங்கி அடுக்கினாள். அவள் உள்ளே போகட்டும் என்று பார்த்தேன். போகவில்லை. அவள் காதுபடவே சொன்னேன்.

“செல்வி, முன்னால இடது சக்கரத்துக்குப் பிரேக் இல்ல. உங்க அப்பன் பைப்ப அடச்சு வச்சிருக்கான். டார்ச்சு பிடிச்சது நாந்தான்.”

அவள் ஸ்பானரைக் கீழே வைத்தாள். “முன்னாலயா? பின்னாலல்லா?”

“முன்னால. இடது.”

“இல்ல மாமா. பின்னால, வலது. அப்பா அடைக்கும்போது நான்தான் கூட இருந்தேன். மாமாட்ட சொல்லாத, தெரிஞ்சா அவன் வண்டில ஏற மாட்டான்னாவ. மூணு சக்கரம் பிடிக்குது, அது போதும்னாவ.”

நாங்கள் இருவரும் வண்டியைப் பார்த்தோம். பிறகு ஒருவரையொருவர் பார்த்தோம். நான்கில் இரண்டு. எனக்கு ஒரு சக்கரம், உன் மகளுக்கு ஒரு சக்கரம் என்று பயத்தைப் பிரித்துக் கொடுத்துவிட்டு, முழுக் கணக்கையும் நீ மட்டும் வைத்துக்கொண்டு ஓட்டியிருக்கிறாய்.

“அது எப்பம்மா?” என்று கேட்டேன். கேட்காமல் இருந்திருக்கலாம்.

“ரயில்வே கேட்டுல ஆடெல்லாம் முட்டுச்சில்லா? அதுக்கு முந்தின வாரம்.”

நான் பலகை அடுக்கின்மேல் உட்கார்ந்துவிட்டேன். கடந்து போன ஆபத்துக்கு இப்போது பயப்படுவது மூடத்தனம். ஆனால் வலது கால் தானாக மண்ணை அழுத்தியது. பேருந்தின் முகம் திரும்ப வந்தது. நீ ஸ்டீயரிங்கை விடாமல் பிடித்திருந்ததன் பொருள் நீ போன பிறகுதான் எனக்கு வந்து சேர்ந்தது. அடுத்த வாரமே என் காலடியில் ஒரு பெடல் முளைத்ததன் பொருளும்.

உன் மனைவி கையிலிருந்த பலகையை இன்னும் கீழே வைக்கவில்லை. “அண்ணாச்சி, நான் உங்ககிட்ட கேட்டேன்.”

“கேட்ட.”

“நல்லா இருக்குன்னீய.”

“சொன்னேன். தெரிஞ்சுதான் சொன்னேன்.”

பலகையை அடுக்கின்மேல், எனக்குப் பக்கத்தில் வைத்தாள். சத்தமில்லாமல் வைத்தாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மாடிக்கூண்டை வேறொரு ஆட்டு வியாபாரி எடுத்துக்கொண்டார். அதில் வந்த பணத்தைக் கொண்டு நேற்றுக் காலையே செல்வி நான்கு சக்கரத்துக்கும் புது சிலிண்டர் வாங்கினாள். புதிது, எட்டயபுரத்துக்குத் திரும்பிப் போக வேண்டாதது. பைப்பும் மாற்றியாயிற்று. மெக்கானிக் நீ அடைத்த இரண்டு நுனிகளையும் அறுத்து என் கையில் போட்டான். “அடிச்ச அடி நல்ல அடி அண்ணாச்சி. ஒரு சொட்டு ஒழுகல” என்று பாராட்டினான். உன் வேலையில் குறை சொல்ல முடியாது. பிறகு என் பக்கத்துப் பெடலைத் தட்டிப் பார்த்தான்.

“இது எதுல சேருது?”

“ஒண்ணுலயும் இல்ல” என்றேன்.

“அப்பம் அறுத்துருதேன்.”

செல்வி திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்: “அது இருக்கட்டும். மாமாவுக்கு.”

இன்று காலை சோதனை ஓட்டம். செல்வி வேண்டுமென்றே அந்த ரயில்வே கேட் வழியாகத்தான் போனாள். கிளம்பும்போது உன் மனைவி வாசலுக்கு வந்தாள். “அண்ணாச்சி, வண்டி நல்லா இருக்கா?” பழைய கேள்வி, ஆனால் இந்தத் தடவை என் முகத்தைப் பார்க்காமல் சக்கரங்களைப் பார்த்துக் கேட்டாள். “நாலும் பிடிக்கும்மா. நான் எண்ணிப் பாத்துட்டேன்” என்றேன். அவள் குனிந்து தானும் ஒரு தடவை எண்ணினாள். இனி அந்த வீட்டில் என் சொல்லுக்கு அதுதான் மதிப்பு. சரியான மதிப்புதான்.

வெயில் ஏறியிருந்தது. இருபுறமும் கரிசல் வெடித்துக் கிடந்தது. மழை தரும் நான்காவது பிரேக்குக்கு வழியில்லை. தூரத்தில் கேட் தெரிந்ததுமே மணி அடித்தது. கட்டை இறங்கியது. எதிரே ஒரு பேருந்து வந்து நின்றது. வேறு பேருந்தாகத்தான் இருக்கும், அதே முகம். செல்வி இன்னும் மிதிக்கவில்லை. நான் மிதித்தேன். என் பலம் முழுவதையும் வைத்து, லாரி பெடலின் ரப்பர் நெளிய மிதித்தேன்.

வண்டி நின்றது. நேராக நின்றது. வலது பக்கம் ஒரு விரற்கடைகூட இழுக்கவில்லை.

ரயில் போயிற்று. அதே கேட்காரர் எங்களைப் பார்த்துக் கையை உயர்த்தினார். ஆடுகளைத் தேடினாரோ என்னவோ.

“மாமா” என்றாள் செல்வி மெதுவாக. “வண்டி நின்னுட்டு. கால எடுங்க.”

நாளைக்கு முதல் லோடு. நானும் போகிறேன். நீ அடைத்த இரண்டு நுனிகளும் என் சட்டைப் பையில் இருக்கின்றன. இந்தத் தாளிலும் அந்த வாசம் கொஞ்சம் ஏறியிருக்கும். இன்று கேட் திறக்கும் வரையில் நான் காலை எடுக்கவில்லை.